மாடி அறையில் ஓடிய கம்ப்யூட்டர்

நான் செய்த தவறை இன்னொருவர் தலையில் கட்டினேன். தெரிந்தேதான் கட்டினேன்.

2021. மகள் வீட்டிலிருந்தே கல்லூரித் தேர்வு எழுதினாள். எழுதி முடித்ததும் விடைத்தாளை ஸ்கேன் செய்து அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அவளுடைய பிடிஎஃப் 18 எம்பி. எங்கள் இணைப்பில் டவுன்லோட் 50 எம்பிபிஎஸ், அப்லோட் 5. அந்த 5 முழுதாகக் கிடைத்திருந்தால் அரை நிமிட வேலை.

ஏறவில்லை. பாதியில் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது. "லைன் சரியில்லைம்மா" என்றேன். போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடினாள். ஏற்றி முடித்தபோது நேரம் கடந்திருந்தது. அந்தத் தாள் அரியர் ஆனது.

அன்று மாலை லைன்மேன் தம்பி வந்தார். ஃபைபரைக் கழற்றிப் பவர் மீட்டரில் வைத்துப் பார்த்தார். மைனஸ் 19. "லைன் நல்லா இருக்கு சார். மைனஸ் 27ஐத் தாண்டினாத்தான் பிரச்சினை. வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு அப்லோடை மொத்தமா இழுக்குது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு லேப்டாப்பை மட்டும் கேபிள்ல போட்டு டெஸ்ட் எடுங்க" என்றார்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் பழைய புகைப்படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றும்படி மாடிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டிருந்தேன். மொத்தம் 200 ஜிபி. 5 எம்பிபிஎஸ்ஸில் அது இரவும் பகலுமாகக் கிட்டத்தட்ட நான்கு நாள் ஓடும். ஏறும் பாதை நிரம்பினால் ரவுட்டரில் வரிசை நீளும். மகளின் விடைத்தாள் என் படங்களுக்குப் பின்னால் காத்து நின்றிருக்கிறது. அந்த அறை வாசலைத் தாண்டித்தான் அவள் மாடிக்கு ஓடினாள்.

மறந்தது கவனக்குறைவு. அடுத்து செய்தது அதைவிடக் கேவலம். மகள் பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் தலை குனிய பயந்தேன். "இருபது வருஷமா கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கத்தினேன். அவர் பதில் பேசாமல் மீட்டரைப் பைக்குள் வைத்தார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன்.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மாடிக்குப் போய் பேக்கப்பை நிறுத்தினேன். டெஸ்ட் எடுத்தேன். அப்லோட் 5 காட்டியது. காலையில் மகளிடம், "சத்தம் போட்டேன், சரி பண்ணிட்டாங்க" என்றேன். அவள் நம்பினாள். எனக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் ஆபீசிலிருந்து பேசினார்கள். "அந்தப் பையனுக்கு ரெண்டு நாள் சம்பளத்தைப் பிடிச்சாச்சு சார்." உண்மையைச் சொல்ல அதுவும் ஒரு வாய்ப்பு. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன மாதம் அந்த ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டதாம். எங்கே இருக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாள் கூலி இன்னும் என் கடன்.

வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னேன். அரியரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"அந்த அண்ணன் நின்னுட்டு இருக்கும்போதே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்" என்றேன்.