கண்டதைச் சொல்வோம், பதிந்து வைப்போம்

"வானத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன்" என்று தோட்டத்தில் ஒரு பெண் சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? "கொள்ளிவாய்ப் பிசாசு, இனிமேல் இருட்டில் போகாதே" என்பார் ஒருவர். "தூக்கக் கலக்கம்" என்று சிரிப்பார் இன்னொருவர். ஹந்தானையில் விடியுமுன் எழுந்து வேலைக்குப் புறப்படும் நாங்கள் இந்த இரண்டு பதில்களையும் கேட்டே வளர்ந்தவர்கள். "எத்தனை மணிக்கு? எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்கள் குறைவு.

அப்படிக் கேட்டுப் பதிந்த சம்பவம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2012 டிசம்பர் 29 மாலை பொலன்னறுவைப் பகுதி வானில் பெரிய தீப்பந்து ஒன்றைப் பலர் கண்டார்கள். அரலகங்வில கிராமத்தில் கற்கள் விழுந்ததாகப் பொலிசாருக்கு முறைப்பாடு போனது. கல்லைத் தொட்டவர்களுக்கு இலேசான தீக்காயம், தார் போன்ற வாடை, புகையைச் சுவாசித்த ஒரு பெண் மயங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டது எல்லாம் பதிவாகின. பொலிசார் கற்களைச் சேகரித்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திற்கு அனுப்பினர்.

அங்கிருந்து சில கற்கள் பிரித்தானியாவின் கார்டிஃப் வரை சென்றன. அவற்றில் நுண்ணிய பாசிகளின் படிமங்கள் இருப்பதாகவும், உயிர் விண்ணிலிருந்து வந்ததற்கு அது சான்று என்றும் பேராசிரியர் சந்திரா விக்ரமசிங்கவின் குழுவினர் 2013 ஜனவரியில் எழுதினர். வேறு விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அவை பூமியின் நன்னீர்ப் பாசிகளே, கல்லும் விண்கல்தானா என்பது சந்தேகம் என்றார்கள். படித்தவர்கள் இப்படி வாதிட முடிந்ததே கிராமத்து மக்கள் வாய் திறந்ததால்தான்.

அமெரிக்க விமானப்படை 1969 வரை இத்தகைய 12,618 முறைப்பாடுகளைத் திரட்டியது. பெரும்பாலானவை நட்சத்திரம், பலூன், விமானம் என்று தெரிய வந்தன. 701 முறைப்பாடுகளுக்கு விடை கிடைக்கவில்லை. அவற்றையும் "விளங்கவில்லை" என்றே எழுதி வைத்தார்கள்.

விசாரணை இல்லாத இடத்தில் வதந்திதான் ஆட்சி செய்யும். 2011 ஆகஸ்டில் மலையகத்திலும் கிழக்கிலும் பரவிய 'கிறீஸ் பூதம்' பீதியை மறக்க முடியுமா? பெண்கள் சொன்னதை வதந்தி என்று தள்ளினார்கள். பொழுது சாய்ந்தால் நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். வெறும் சந்தேகத்தில் ஆட்கள் அடி வாங்கினார்கள்.

ஆகவே சகோதரிகளே, விளங்காத எதையாவது கண்டால் திகதி, நேரம், திசை, நிறம், சத்தம், எவ்வளவு நேரம் தெரிந்தது, கூட யார் பார்த்தார்கள் என்பவற்றைப் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதுங்கள். அசையாமல் நின்றால் அது விடிவெள்ளியாகவோ மலையுச்சிக் கோபுர விளக்காகவோ இருக்கலாம். நொடியில் மறைந்தால் எரிகல்லாக இருக்கலாம். பொலிஸுக்குப் போக நேர்ந்தால் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்கச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லப் பழகியவள், நாளை வீட்டிலும் வேலைத்தலத்திலும் தனக்கு நேர்ந்ததையும் தயங்காமல் சொல்வாள்.