தேன்குழலுக்கு ஒரு கணக்கு

நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகள் பரணில் ஏறிய கையோடு, அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்து வீடுகளில் அடுத்த விவாதம் ஆரம்பித்துவிடும். தீபாவளி பட்சணம் இந்த வருஷம் வீட்டிலா, கடையிலா? "வீட்டில் பண்ணினால் பாதி விலைதான் ஆகும்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அடுப்புப் பக்கமே போகாதவராக இருப்பார் என்பது வேறு விஷயம்!

சரி, பாதி விலை என்பது உண்மைதானா? பி.காம். பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

தேன்குழலை எடுத்துக்கொள்வோம். விலை கடைக்குக் கடை மாறும், இது ஒரு தோராயக் கணக்குதான். பச்சரிசி ஒரு கிலோ 60 ரூபாய். உளுந்து கால் கிலோ 35. வெண்ணெய் 100 கிராம் 60. சீரகம், பெருங்காயம், உப்பு 15. மாவு குடிக்கும் எண்ணெய் 70. மில் கூலியும் கேஸும் சேர்த்து 60. ஆக மொத்தம் 300 ரூபாய். ஒன்றரை கிலோ தேன்குழல் கிடைத்தால் கிலோ 200 ரூபாய் ஆகிறது. கடையில் அதே கிலோ 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதியை விடவும் குறைவு. வீட்டுக் கட்சி ஜெயித்தாகிவிட்டது!

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அரிசியைக் களைந்து உலர்த்தி, உளுந்தை வறுத்து, மில்லுக்குப் போய் வந்து, சலித்து, பிசைந்து, பிழிந்து, பொரித்து எடுக்க நான்கு மணி நேரமாவது ஆகும். சமையலுக்கு ஆள் வைத்தால் கொடுக்கக்கூடிய மணிக்கு 100 ரூபாயைப் போட்டால் 400 ரூபாய். மொத்தம் 700. இப்போது கிலோவுக்கு 467 ரூபாய் வருகிறது. கடையை விட 17 ரூபாய் அதிகம்!

போதாததற்கு, பாக்கெட் செய்து விற்கும் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கடைக்காரருக்கு அது இன்னொரு சாதகம்.

ஆக, வீட்டுப் பட்சணத்தின் 'சிக்கனம்' எங்கிருந்து வந்தது? அம்மாவின் நான்கு மணி நேரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதியதிலிருந்துதான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கையிலிருந்து பணம் போகாவிட்டாலும் போனதாகக் கணக்கில் கொள்ள வேண்டிய 'கருத்தியல் செலவு'. சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர் வாடகையைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதுகிற மாணவர்கள், வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

மறப்பது மாணவர்கள் மட்டுமல்ல. வீட்டு வேலைக்காரப் பெண்ணை முதலாளியே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் பிகு 1920-லேயே சுட்டிக்காட்டினார். வேலை அதேதான். சம்பளம் நின்றுபோவதால் கணக்கிலிருந்து அது காணாமல் போகிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுகிற பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடுகிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, பெண்களின் இந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் சொல்லப்பட்டது. அந்த ஆயிரத்தை 289 நிமிடக் கணக்கில் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. அங்கீகாரம் சரி, கூலி என்று நினைத்தால் சிரிப்புதான் வரும்.

அப்படியென்றால் கடையிலேயே வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். கடைப் பரிசுக்கும் ஒரு நஷ்டக் கணக்கு உண்டு. வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்தார். கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்றார். வாங்கிக்கொண்டவருக்கு அந்தப் பொருள் அவ்வளவு பெறுமானம் இல்லை என்பதே காரணம். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நவராத்திரி வெற்றிலை பாக்குடன் வருகிற பிளாஸ்டிக் டப்பாவும் ரவிக்கைத் துணியும் எத்தனை வீடு சுற்றுகின்றன என்று பார்த்தாலே போதும். சில டப்பாக்கள் அடுத்த வருஷம் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்!

வீட்டில் செய்ததற்கு இந்தக் கதி நேர்வதில்லை. எதிர் ஃபிளாட்டிலிருந்து வந்த ஓமப்பொடி மறுநாளே காலி. அதை யாரும் வேறு வீட்டுக்குத் தள்ளிவிடுவதில்லை. இன்னாருக்குக் காரம் ஆகாது, தாத்தாவுக்குப் பல் இல்லை, சின்னதுக்கு வெல்லம் பிடிக்கும் என்று தெரிந்து செய்வதால் வருகிற பெறுமானம் அது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்து, பிறகு கல்யாணப் பெண்களுக்குக் கொடுக்கும் பரிசாகவே ஆனது. வாய்வழியாக வந்த கைப்பக்குவத்தைக்கூட எழுதிவைத்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆகவே பிரச்சினை தேன்குழலில் இல்லை. அதன் விலையை ஒரே ஆள் கட்டுவதில்தான் இருக்கிறது. ஒருவர் முதுகு ஒடிய உழைத்து, மற்றவர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்புச் சொன்னால், அதற்குப் பெயர் சிக்கனம் அல்ல. அது வீட்டுக்குள்ளேயே வசூலிக்கப்படும் வரி.

அதே நான்கு மணி நேரத்தை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு மணி நேரம். மாவு மில்லுக்கு அப்பா போகலாம். நாழியைப் பிழியத் தோளில் பலம் வேண்டும். கிரிக்கெட் ஆடுகிற பையனிடம் அது தாராளமாகவே இருக்கிறது. கையில் காசில்லாத கல்லூரி மாணவருக்குத் தீபாவளி லேகியம் ஒரு நல்ல ஆரம்பம். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் சுக்கு, ஓமம், அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி எல்லாம் கிடைக்கும். பொடித்து, வெல்லப்பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளும் வரை கிளற வேண்டும். கை வலிக்கத்தான் செய்யும். ஆனால் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்துப் பெரியம்மா, அத்தை, மாமா வீடுகளுக்குக் கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பாத்திரம் தேய்க்கும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியைத் தேய்க்க முன்வருகிறவர் கொடுப்பதுதான் அந்த வருஷத்தின் பெரிய தீபாவளிப் பரிசு. இந்த முறை யார் அதை எடுத்துக்கொள்வது என்று, அரிசி ஊறப்போடுவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்.