கோடைக்கு ஏற்ற அளவில் ஆங்கிலம்

"லீவு முடியறதுக்குள்ள இங்கிலீஷ் நல்லாப் பேசிடணும் சார்." எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில் என்னிடம் வழக்கமாகச் சொல்வது இது. ஆசையில் குறையே இல்லை. ஆனால் 'நல்லா' என்பதற்கு எல்லை எது? மே முதல் வாரம் உற்சாகமாகத் தொடங்குகிற பிள்ளை, தான் முன்னேறியிருக்கிறோமா என்றே தெரியாமல் மூன்றாம் வாரத்தில் நோட்டை மூடி வைத்துவிடுகிறது. வீட்டில் சோம்பேறி என்று திட்டும் விழுகிறது.

அதனால் பள்ளி மூடும் முன்பே ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து ஓர் இலக்கைப் பேசி முடிவு செய்கிறேன். அது செய்து காட்டக்கூடிய ஒரு காரியமாக இருக்க வேண்டும். பெங்களூரு அத்தை மகளோடு போனில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவது, ஆங்கிலக் கதை ஒன்றைப் படித்துத் தங்கைக்குத் தமிழில் சொல்வது, அப்பாவின் மாத்திரை அட்டையில் இருப்பதை வாசித்துச் சொல்வது என்று ஏதாவது ஒன்று. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலும் ஒவ்வொரு படியையும் 'இதைச் செய்ய முடியும்' என்றுதான் விவரிக்கிறது. தன்னை அறிமுகம் செய்துகொள்வதும், எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்கவும் சொல்லவும் முடிவதும் அதன் முதல் படியிலேயே வருகின்றன.

அடுத்தது கணக்கு. நாளுக்கு ஐந்து சொற்கள், வாரத்தில் ஆறு நாள், ஞாயிறன்று பழையதைத் திரும்பப் பார்ப்பது. ஆறு வாரத்தில் 180 சொற்கள் சேரும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் சொற்களைத் திரட்டி 1953-இல் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை சுமார் 2,000. ஒரே கோடையில் அதில் பத்தில் ஒரு பங்கை நெருங்கலாம் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இலக்கணத்தில் ஒரு கோடைக்கு ஒன்றே போதும். நான் பெரும்பாலும் கேள்வி கேட்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். தமிழில் 'போனாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி பிறந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் பிள்ளை 'யூ வென்ட்?' என்று குரலை உயர்த்திக் கேட்கும். ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வர வேண்டும், 'வென்ட்' திரும்ப 'கோ' ஆக வேண்டும். இரண்டு மாற்றங்களையும் ஒரே மூச்சில் செய்ய நாக்கு பழக வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனிடமோ அக்காவிடமோ அன்றைய நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். பதில் தமிழில் வந்தாலும் பரவாயில்லை.

புத்தகம் தேர்ந்தெடுக்க விரல்களே போதும். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டுக்கு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. எட்டாம் வகுப்பு என்பதற்காக நான்காம் நிலையில் தொடங்க வேண்டியதில்லை. இரண்டாம் நிலையில் பத்துக் கதைகளை முழுதாகப் படித்த பிள்ளைக்கு வரும் தெம்பு, பெரிய புத்தகத்தின் முதல் மூன்று பக்கங்களில் திணறிய பிள்ளைக்கு வராது.

கோடையில் கல்யாணம் வரும், திருவிழா வரும், ஆயா வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். நாள் தவறத்தான் செய்யும். தவறிய நாளின் சொற்களையும் சேர்த்துச் சுமக்கக் கூடாது, அன்றைய ஐந்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுகிறேன். மே நடுவில் ஒருமுறை போனில் விசாரிப்பேன். ஐந்து முடியவில்லை என்றால் மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்த பிறகும் தொடர்கிற பிள்ளை எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது.

ஜூனில் பள்ளி திறந்ததும் மதிப்பெண் எதுவும் போடுவதில்லை. சொன்ன காரியத்தைச் செய்து காட்டச் சொல்வேன். பிறகு, காலாண்டுத் தேர்வுக்குள் என்ன செய்யலாம் என்று கேட்பேன். "ஸ்டேஷன்ல டிக்கெட் கேட்டு வாங்கணும் சார்" என்று பிள்ளை தானே ஓர் அளவான இலக்கைச் சொல்லிவிட்டால், 180 சொற்களைவிடப் பெரிய ஒன்றை அது கற்றுக்கொண்டுவிட்டது என்று நான் நம்புகிறேன்.