துடுப்பைக் கீழே வைத்தபோது

தாய்லாந்தின் பங்ஙா விரிகுடாவில், சுண்ணாம்புப் பாறைத் தீவொன்றின் குகைவாயிலில் நம் கயாக் படகு நின்றது. துடுப்புப் பிடிப்பது நமக்கு அன்றுதான் முதன்முறை. ஓதம் மிகுந்தால் குகைவழி அடைபட்டுவிடும். தணிந்த வேளையில் மட்டுமே நுழையலாம்.

"துடுப்பை வையுங்கள். மல்லாந்து படுங்கள். கைகள் உள்ளே இருக்கட்டும்" என்றார் வழிகாட்டி. படுத்தோம், கை மட்டும் படகின் விளிம்பை விடவில்லை. நோயில்பூசுதல் வழங்கச் சென்ற வீடுகளில், 'இறைவனிடம் கையளித்துவிடுங்கள்' என்று எத்தனை முறை மொழிந்திருக்கிறோம்! கையை எடுக்கும்வரை அவர் படகை நகர்த்தவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை.

ஈரப்பாறை மூக்கை உரசுமளவு தாழ்ந்து கடந்தது. பின்னர் வெளிச்சம்: கூரை இடிந்த குகை, சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவே அலையாத்தி மரங்கள். தாய்லாந்து மொழியில் இதனை 'ஹாங்' என்பர். அறை என்று பொருள்.

எவ்வளவு நேரம் தங்கலாம் என வினவினோம். பாறையில் ஏறிக்கொண்டிருந்த நீர்க்கோட்டைச் சுட்டினார். திரும்பினோம், இம்முறையும் கை விளிம்பை நாடியது.