பரணுக்குப் பரண்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் வளவு போதாமல், 1950களில் வாவியைத் தாண்டிக் காட்டுக்குள் குடிபோனவர்கள் என் பெற்றோர்.

1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. குடியேறும் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டு நிலமும் என்பது தொடக்க காலத்துக் கணக்கு. போரதீவுப்பற்றுக் காடும் அளக்கப்பட்டு, 35ஆம் கிராமம், 37ஆம் கிராமம், 40ஆம் கிராமம் என்று இலக்கங்களோடு ஊர்கள் பிறந்தன. குருமண்வெளியில் பாதை எனப்படும் படகில் ஏறி, மண்டூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போனார்கள். வண்டியில் கோடரி, கத்தி, விதைநெல், ஒரு பொதி கருவாடு.

பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நின்ற காடு. வெட்டியதைக் கோடை வெயிலில் காயவிட்டு எரித்தார்கள். மாரி மழை விழுந்ததும், கரிந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே சோளன், இறுங்கு, குரக்கன், கெக்கரி என்று சேனை முளைத்தது. வயல் விளையும் வரைக்கும் அடுப்பெரித்தது அந்தச் சேனைதான். ஆண்கள் மரம் தறிக்க, வேர் பிடுங்கியதும் தண்ணீர் சுமந்ததும் பெண்கள். அம்மாவின் உள்ளங்கை கடைசிவரை மென்மையாகவே இல்லை.

இரவு யானையுடையது. பயிர் தலைகாட்டிய நாளிலிருந்து அறுவடை வரைக்கும் ஒவ்வொரு காணியிலும் ஒரு பரண். பரணுக்குக் கீழே அணையாத நெருப்பு. ஒரு பரணிலிருந்து அப்பா கூவுவார்: "மச்சான், முழிச்சிருக்கியா?" அடுத்த பரணிலிருந்து "ஓம்" வரும். அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று குரல் வயல்வட்டை முழுக்கச் சுற்றி வரும். எங்காவது பதில் வராவிட்டால் பந்தம் கொளுத்திக்கொண்டு நாலைந்து பேர் அங்கே ஓடுவார்கள். பகலில் வரம்புக்காக வாய்த்தர்க்கப்பட்டவன்கூட இரவில் பதில் கொடுக்காமல் இருந்ததில்லை. குடிசைக்குள் படுத்தபடி அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டே நித்திரையாகிப் போன பிள்ளை நான்.

ஆபத்து யானையோடு முடியவில்லை. பாம்பு கடித்தால் விசகடி வைத்தியரைத் தேடி இருட்டில் நடக்க வேண்டியிருந்தது. மனிதராலும் ஆபத்து வந்தது. 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2007இல் போர் படுவான்கரையையே கிளப்பி எழுவான்கரைக்குக் கொண்டுவந்து விட்டது. இத்தனைக்குப் பிறகும் சனம் திரும்பிப் போய் வயல் விதைத்தது. அந்த மண்ணை வெறும் காணியாக அவர்கள் நினைத்திருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள்.

நான் இப்போது பட்டணத்தில் இருக்கிறேன். ஊரில் கல்வீடுகள் உண்டு, மின்சாரம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு; இவை வந்ததில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. காடு சுருங்கினாலும் யானை தன் பழைய தடத்தை விடவில்லை. மின்வேலியும் யானைவெடியும் வந்த பிறகும் ஆட்கள் சாகிறார்கள், யானைகளும் சாகின்றன.

என் ஏக்கமெல்லாம் அந்தக் கூப்பாட்டின் மேல்தான். அயலவன் உயிரோடிருக்கிறானா என்று ஓர் இரவில் பல தடவை கேட்டுக்கொண்ட சனத்துக்கு நடுவே நான் வளர்ந்தேன். இன்று என் பக்கத்து வீட்டில் விளக்கெரியாவிட்டால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. வசதி குறைந்த அந்த நாட்களில் எங்களைக் காத்தது நெருப்பும் பரணும் மட்டுமல்ல. கேட்டதும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமையும்தான். அந்தக் கடமைக்குள் ஒருமுறை வாழ்ந்தவருக்கு வேறெந்தப் பாதுகாப்பும் போதாது.