நின்றுகொண்டே சொன்ன ஆலோசனை



இந்த வாரத் தியானத்தில் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். போதகருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் சபையிலுள்ள ஒரு குடும்பத்துக்கு நான் செய்த தவறு ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. அவர்களுடைய சம்மதத்தைப் பெற்ற பின்பே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு பள்ளி திறந்த சமயம். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு சகோதரி அருகில் வந்து, “ஐயா, பையன் கம்ப்யூட்டர் கேக்கிறான். படிக்கவும் வேணுமாம், விளையாடவும் வேணுமாம். எதைப் பார்த்து வாங்கணும்?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. “ஐ7 என்று கேட்டு வாங்குங்கள் அம்மா. கிராபிக்ஸ் கார்டும் இருக்கட்டும். குறைந்ததை வாங்கினால் இரண்டு வருடத்தில் மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும்” என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்தவருக்குக் கைநீட்டிவிட்டேன்.

எனக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? ஒரு கல்யாண வீட்டில் என் அக்காள் மகன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். அவ்வளவுதான்.

அந்தச் சகோதரி தம் இரண்டு வளையல்களை அடகு வைத்தார். மகனுக்குக்கூடச் சொல்லாமல், உறவினர் ஒருவரோடு நகரத்துக்குப் போய், ஒரு கடையில் “ஐயா சொன்ன” ஐ7 கம்ப்யூட்டரைக் கேட்டார். கடைக்காரர் ஐ7-ஐயே கொடுத்தார். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே வண்ண வண்ண விளக்குகள், “4 ஜிபி கிராபிக்ஸ்” என்று ஒரு ஒட்டுச்சீட்டு. விலை 38,000 ரூபாய்.

மூன்று மாதம் கழித்து வீட்டுச் சந்திப்புக்காக அங்கே போனேன். பையன் கம்ப்யூட்டரை இயக்கினான். நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை திரை எழும்பவில்லை. “எப்பவும் இப்படித்தானா தம்பி?” என்று கேட்டேன். அவன் தாயைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை ஐயா” என்றான். அம்மா அடுக்களைக்குப் போன பிறகுதான் உண்மையைச் சொன்னான். அது ஐ7-2600. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த செயலி. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓடித் தேய்ந்ததைப் புதுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். “அம்மாகிட்ட சொல்லவேண்டாம் ஐயா. வளையல் போனது அவங்களுக்கு வருத்தம்” என்றான்.

பிரியமானவர்களே, அன்றிரவு நான் உறங்கவில்லை.

ஐ7 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்வதில்லை. அதற்குப் பின்வரும் எண்ணே தலைமுறையைச் சொல்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100 பெயரில் தாழ்ந்தது. ஆனால் 2011-இன் ஐ7-ஐக் காட்டிலும் நன்றாக வேகமானது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. ஆகவே அந்தச் சகோதரி வாங்கியது வாசலிலேயே வயது முடிந்துகொண்டிருந்த ஒரு பொருள். கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. ஜிடி 730 என்ற அந்த வகை 2014-இல் வந்தது. 4 ஜிபி என்பது அதன் நினைவகத்தின் அளவு மட்டுமே. அண்டா பெரிது, அடுப்பு சிறிது.

கடைக்காரர் பேரில் கோபம் வந்தது. ஆனாலும், ஐ7 கேட்டவருக்கு ஐ7 கொடுத்திருக்கிறார். எந்தத் தலைமுறை என்று கேட்கும்படி சொல்லாமல் விட்டவன் நான்.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைக்கிறவனையும் யுத்தத்துக்குப் போக நினைக்கிற ராஜாவையும் குறித்து நம் ஆண்டவர் பேசுகிறார். பலமுறை இதைப் பிரசங்கித்திருக்கிறேன். செலவைக் கணக்குப் பார்ப்பதையே அழுத்திச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கிரேக்க மூலத்தை எடுத்து வாசித்தபோது வேறொரு சொல் என்னை நிறுத்தியது. ‘கதிஸாஸ்’, அதாவது உட்கார்ந்து. 28-ஆம் வசனத்திலும் இருக்கிறது, 31-ஆம் வசனத்திலும் இருக்கிறது. கட்டுகிறவனும் முதலாவது உட்காருகிறான், ராஜாவும் முதலாவது உட்காருகிறான். இறையியல் கல்லூரியில் இந்தச் சொல்லின் இலக்கண வடிவத்தைத் தேர்வில் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆலய வாசலில் நின்றுகொண்டே ஒரு விதவையின் வளையலுக்கு விலை சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போய், தாயும் மகனும் இருக்கையில் மன்னிப்புக் கேட்டேன். பையன் மறைத்ததையும் அவனுடைய அனுமதியோடு சொன்னேன். அடகுக்கான வட்டியை நான் கட்டுகிறேன் என்றேன். சகோதரி ஒப்பவில்லை. “நீங்க எங்க நன்மைக்குத்தானே சொன்னீங்க ஐயா” என்றார். அந்த வார்த்தைதான் அதிகமாகக் குத்தியது. உண்மையில், வரிசை நகரவேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

பிறகு மூவரும் உட்கார்ந்தோம். அவனுக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். பைத்தான் பழக வேண்டும்; முப்பரிமாணப் படம் வரைய வேண்டும்; நண்பர்களோடு ஒரு கார்ப் பந்தய விளையாட்டு ஆட வேண்டும். ஐ7 என்ற சொல்லை அவன் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அவன் செய்தது இதுதான். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி மாட்டினான். அதன் விலையை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள அவன் தாய் சம்மதித்தார். ஒற்றையாயிருந்த ராம் குச்சிக்கு அதே வகையில் ஒரு ஜோடி சேர்த்தான். இரண்டாக இருந்தால் செயலி இரண்டு வழியாகத் தகவலை எடுக்கும். விண்டோஸை நீக்கி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை ஏற்றினான். நான்கு நிமிடம் எடுத்தது இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. கார்ப் பந்தயம் மட்டும் இன்னும் திணறுகிறது. அதற்கு வேறு கார்டு வேண்டும். அதைத் தாங்க வேறு பவர் சப்ளை வேண்டும். இருந்த பவர் சப்ளையை அவன் என் கையில் கொடுத்தான். 450 வாட் என்று எழுதியிருந்தது. தூக்கினால் வெறும் டப்பா போல இருந்தது. வெளியே தெரியாத பாகத்தில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். 80 ப்ளஸ் முத்திரை இருந்தால் மட்டும் எல்லாம் சரியென்று ஆகிவிடாது. அதுகூட இல்லாததை வாங்கவேண்டாம்.

அவனிடம் கற்ற இன்னொன்றையும் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரை வாங்குமுன், கடையிலேயே அதை இயக்கச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். செயலியின் முழுப்பெயர், ராம் எத்தனை குச்சி, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்கா எல்லாம் அங்கே தெரியும். ஒட்டுச்சீட்டை நம்பவேண்டிய அவசியமில்லை.

நம் சபையில் வேறொரு வீட்டில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கி, ஆறு மாதமாக மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே செருகி வைத்திருந்தார்கள். கார்டு சும்மா இருந்தது. இதற்குத் திராட்சச்செடியும் கொடியும் என்று ஒரு விளக்கம் எனக்கு உடனே நாவில் வந்தது. வேண்டாம். கேபிளை மாற்றிச் செருகுங்கள், போதும்.

விளையாட்டே பாவம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நான் அப்படி நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் வீட்டின் முன்னறையில் இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமருங்கள். அந்தப் பையன் என்னையும் ஒருநாள் ஓட்டவைத்தான். முதல் வளைவிலேயே காரைச் சுவரில் மோதினேன். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு வளையல் மீட்கப்பட்டுவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் நான்கு தவணை இருக்கிறது.

வரும் சனிக்கிழமை மாலை வாலிபர் கூடுகைக்குப் பின், ஆலய வளாகத்து மரத்தடியில் அந்தத் தம்பி ஒரு ஸ்க்ரூடிரைவரோடு இருப்பான். கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிறவர்கள் வாங்குமுன் வந்து அவனிடம் கேளுங்கள். நாற்காலிகள் போடச் சொல்லியிருக்கிறேன்.