பாண்டி பஜாரில் ஒரு கணக்கு

பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு இடம் வந்தால் அந்தப் பெரியவரின் நடை தானாகவே மெதுவாகிவிடும். யாழ்ப்பாணத்துக்காரர். 1984-ல் சென்னைக்கு வந்தவர், அடையாறிலேயே தங்கிவிட்டார். ப்ளஸ் டூ படிக்கும் பேத்தி அன்று கேட்டே விட்டாள்: "இங்க என்ன அம்மப்பா?"

1982 மே 19. இந்தத் தெருவில்தான் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். இருவருமே கைதானார்கள். ஒப்படைக்கச் சொல்லி இலங்கை கேட்டும் இந்தியா கொடுக்கவில்லை. ஜாமீன் கிடைத்தது.

பேத்திக்கு அது சினிமா சீன் போல இருந்தது. "ஆர்மிகிட்ட விமானம், பீரங்கி எல்லாம் இருந்திருக்கும். இவங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"இந்த ஊர் இருந்தது, பிள்ளை."

பெரியவர் சொன்னது சரிதான். 80-களில் இயக்கங்களுக்குப் பயிற்சி, சிகிச்சை, பணம் எல்லாம் இந்தியாவில் கிடைத்தன. சில மணி நேரப் படகுப் பயணத்தில் அக்கரை. 1986 நவம்பரில் சென்னையில் போலீஸ் வயர்லெஸ் கருவிகளைப் பறித்தபோது பிரபாகரன் உண்ணாவிரதமே இருந்தார். எம்.ஜி.ஆர். அரசு திருப்பிக் கொடுத்தது.

1987-ல் இந்திய அமைதிப்படையோடு போர், 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஒரு இரவில் தமிழ்நாடு என்ற பின்தளமே கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு தடை வந்தது. எதிரி பறிக்கவில்லை, புலிகளே இழந்தார்கள். அந்த மாதமே பெரியவரையும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதை மட்டும் அவர் சிரித்தபடிதான் சொல்வார்.

அதன் பிறகு எல்லாம் கப்பலில்தான். புலம்பெயர்ந்தோரின் பணத்தில் ஆயுதம் வாங்கி, நடுக்கடலில் நிறுத்தி, படகுகளில் இறக்கினார்கள். அந்த பலத்தில்தான் 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். இரண்டு பக்கமும் இடம் மாறிக்கொண்டன. கடற்புலிகள் கூட்டமாகச் சிறு படகுகளில் பாய்வதைப் பார்த்து இலங்கைக் கடற்படையும் சிறு படகுகளைக் கட்டியது. ராணுவம் சின்னக் குழுக்களாகக் காட்டுக்குள் நுழைந்தது. புலிகளோ நீண்ட மண் அணை கட்டி, நிலத்தைப் பிடித்துவைக்கும் மரபுவழி ராணுவம்போல நின்றார்கள். அப்படி நிற்க ஆள் வேண்டும். 2004-ல் கருணா பிரிந்ததோடு கிழக்கின் ஆள்பலம் போயிருந்தது. 2007 செப்டம்பர், அக்டோபரில் இலங்கையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆயுதக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. வெளிநாட்டு உளவுத் தகவல் கொழும்புக்கு உதவியது. புலிகளிடம் குட்டி விமானங்கள்கூட இருந்தன. பீரங்கிக் குண்டுக்குத்தான் தட்டுப்பாடு.

2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி போனது. மிஞ்சியது மக்கள். புலிகள் அவர்களை வெளியேற விடவில்லை, தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். அரசு, தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் அடித்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது.

"உங்க தங்கச்சி அப்ப எந்தப் பக்கம் இருந்தாங்க, அம்மப்பா?"

பெரியவர் கடை வாசல் திண்டில் உட்கார்ந்தார். அந்தப் பிப்ரவரியில் யாரோ ஒருவரின் சாட்டிலைட் போனிலிருந்து தங்கை பேசியது ஒரு நிமிஷம்கூட இல்லை.

"அண்ணா, நாங்கள் மாத்தளனுக்குப் போறம். அங்க ஷெல் வராதாம்."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.